மூடிய பள்ளியும் ஆடிய அணியும்

1958ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக் நகரில், சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி வழக்கம்போல் களமிறங்கியது. அணியின் பெயர் டைகர்ஸ். அதன் நிறங்கள் பொன்னும் கறுப்பும். மக்கள் அரங்கில் கூடினர், ஆட்டங்கள் நடைபெற்றன. ஆனால் அந்த அணி எந்தப் பள்ளியின் பெயரைத் தாங்கி ஆடியதோ, அந்தப் பள்ளி மட்டும் நடைபெறவில்லை. அதன் வகுப்பறைகளில் ஒரு மாணவன்கூட இல்லை. ஆசிரியர்கள் நாள்தோறும் வந்து, வெற்று இருக்கைகளின் முன் அமர்ந்துவிட்டுச் சென்றார்கள். பள்ளியைப் பூட்டியவர் மாநில ஆளுநர். கால்பந்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றவரும் அவரே.

வரலாற்றில் இத்தகைய விந்தைகளைக் காணும்போது சற்றே நின்று பார்க்கத் தோன்றுகின்றது. பள்ளியின்மேல் பிள்ளைகள் கொள்ளும் பற்று எங்கே குடிகொண்டிருக்கிறது? கட்டடத்திலா, கொடியிலா, பாடத்திலா, பந்தாட்டத்திலா? அந்த ஓராண்டில் லிட்டில் ராக் நகரம் இக்கேள்விக்கு முகங்கொடுக்க நேர்ந்தது. கதையை முதலிலிருந்தே காண்போம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியை நம்மில் பலர் திரைப்படங்களின் வழியாகவே அறிந்துள்ளோம். கோடை விடுமுறை முடிந்து மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பும் காலமும், கால்பந்துப் பருவம் தொடங்கும் காலமும் அங்கே ஒன்றே. (அவர்கள் கால்பந்து என்பது நாம் உதைத்து ஆடும் ஆட்டமன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, ஒருவரையொருவர் மோதித் தள்ளி ஆடும் முரட்டாட்டம்.) வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊரே அரங்கில் திரளும். ஆட்டத்திற்கு முன்பு மாணவர் அனைவரும் ஒன்றுகூடி முழக்கமிடுவர். வாத்தியக் குழு இசைக்கும். பள்ளியின் நிறத்தில் உடையணிந்த மாணவியர் துள்ளிக் குதித்து ஊக்கமூட்டுவர். ஆண்டில் ஒருமுறை, 'ஹோம்கமிங்' எனப்படும் வீடு திரும்பும் விழாவில், படித்து முடித்துச் சென்ற பழைய மாணவர்களும் வந்து சேர்வர். இவ்வனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து அவர்கள் வழங்கும் சொல்லை 'பள்ளிப் பற்று' என்று நாம் தமிழில் கூறிக்கொள்ளலாம். இதனை வெறும் ஆரவாரம் என்று ஒதுக்க நாம் விரும்பவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டிற்கு வெளியே 'நாங்கள்' என்று சொல்ல முதன்முதலில் கிடைக்கும் இடம் பள்ளியே. அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனைக் கட்ட 15 லட்சம் டாலர் செலவாயிற்று. நாட்டிலேயே அழகிய உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் அதனைப் புகழ்ந்தனர். முகப்பு வாயிலின்மேல் கிரேக்கப் பாணியில் நான்கு உருவங்கள் நிற்கின்றன. பெருநோக்கு, ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்பன அவற்றின் பெயர்கள். ஈராண்டு கழித்து, 1929இல், கறுப்பினப் பிள்ளைகளுக்கென அதே நகரில் டன்பார் பள்ளி எழுந்தது. அதற்கான செலவு 4 லட்சம் டாலர். சென்ட்ரல் மாணவர்கள் படித்துப் பழசாக்கிய பாடநூல்கள் பின்னர் கறுப்பினப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. 'வாய்ப்பு' என்னும் சிலை எந்த வாயிலின்மேல் நின்றது, எந்த வாயிலின்மேல் நிற்கவில்லை என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளலாம்.

1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பொதுப் பள்ளிகளில் இன அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்திற்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லிட்டில் ராக் நகரின் பள்ளி நிர்வாகம் தீர்ப்பை ஏற்பதாக அறிவித்தது. ஆயினும் மிக மெதுவாக, மிகச் சிறிய அளவில் நடைமுறைப்படுத்தவே திட்டம் தீட்டியது. பல வடிகட்டல்களுக்குப் பின் 17 கறுப்பின மாணவர்கள் தேர்வாயினர். இறுதியில் எஞ்சியவர் ஒன்பதின்மர்: எர்னஸ்ட் கிரீன், எலிசபெத் எக்ஃபோர்டு, மினிஜீன் பிரவுன், ஜெஃபர்சன் தாமஸ், கார்லோட்டா வால்ஸ், தெல்மா மதர்ஷெட், மெல்பா பட்டிலோ, குளோரியா ரே, டெரன்ஸ் ராபர்ட்ஸ். இவர்களுள் இளையவரான கார்லோட்டாவுக்கு அப்போது வயது 14.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நடந்ததை உலகம் புகைப்படத்தில் கண்டது. ஒன்பது பேரும் ஓரிடத்தில் கூடி ஒன்றாகச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. எலிசபெத்தின் வீட்டில் தொலைபேசி இல்லாமையால் அச்செய்தி அவருக்கு எட்டவில்லை. பள்ளியின் முதல் நாளுக்கென்று தைத்த புத்தாடையை உடுத்திக்கொண்டு, 15 வயதுச் சிறுமி தனியே பேருந்தில் வந்திறங்கினார். ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் நிறுத்தியிருந்த மாநிலப் படைவீரர்கள் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி அவரை மறித்தனர். பின்னால் கூட்டம் கூச்சலிட்டுத் தொடர்ந்தது. திரும்பி நடந்த அவர் தெருமுனையிலிருந்த பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் அமர்ந்தார். பள்ளிக்குத் திரும்பும் நாளில் பிள்ளைகள் புத்தாடை உடுத்துவதும், புதிய காலணி அணிவதும் எந்நாட்டிற்கும் பொதுவான வழக்கமே. அந்த வழக்கத்தின்படியே அவரும் வந்தார் என்பதுதான் நம் நெஞ்சை அறுக்கின்றது.

செப்டம்பர் 23இல் ஒன்பது பேரும் பக்கவாயில் வழியாக உள்ளே சென்றனர். வெளியே திரண்ட கும்பலின் வெறியைக் கண்டு நண்பகலுக்குள் அவர்களை வெளியேற்ற நேர்ந்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 101ஆம் வான்படைப் பிரிவிலிருந்து ஏறத்தாழ 1,200 வீரர்களை அனுப்பினார். 25ஆம் நாள், படைவீரர் புடைசூழ, அவர்கள் முகப்பு வாயிலின் வழியே படியேறினர். வீரர்கள் பள்ளி வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கினர். நடைகூடங்களில் ஒவ்வொரு மாணவருடனும் ஒரு வீரர் துணைக்குச் சென்றார். வகுப்பறைக்குள்ளும், கழிப்பறைக்குள்ளும், உடற்பயிற்சிக் கூடத்திற்குள்ளும் அவர் வரவியலாது. தள்ளல், உதைத்தல், எச்சில் உமிழ்தல், பெயரிட்டு இழித்தல் எல்லாம் அங்கேதான் நிகழ்ந்தன. ஏறத்தாழ 2,000 மாணவர் பயின்ற அப்பள்ளியில் துன்புறுத்தியவர் ஒரு சிறு கூட்டத்தினரே என்று அந்நாளைய ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். கண்டும் காணாததுபோல் கடந்து சென்றவர்களின் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதே நம் கேள்வி. மாணவர் இதழான 'டைகர்' அமைதியையும் பண்பையும் வேண்டி எழுதியது என்பதையும், சில வெள்ளை மாணவர்கள் இடருக்கு அஞ்சாது நட்புக் கரம் நீட்டினர் என்பதையும் குறிப்பிடாமல் விடுவது முறையன்று.

இந்தத் துன்பங்களைப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். சென்ட்ரல் பள்ளியில் சேர்வதாயின், வகுப்பறைக்கு வெளியே நடைபெறும் எதிலும் பங்கேற்கக் கூடாது என்று அந்த ஒன்பது பேருக்கும் விதிக்கப்பட்டிருந்தது. விளையாட்டு அணி இல்லை, பாடற்குழு இல்லை, வாத்தியக் குழு இல்லை, மன்றங்கள் இல்லை, நடன விருந்தும் இல்லை. படிப்பைத் தருவோம், பள்ளியைத் தரமாட்டோம் என்பதே இதன் பொருள்.

அவர்கள் எதை விட்டு வந்தார்கள் என்று பாருங்கள். எர்னஸ்ட் கிரீன் தம் பழைய பள்ளியின் வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர். ஜெஃபர்சன் தாமஸ் ஓட்டப்பந்தய வீரர். மினிஜீன் பிரவுன் நல்ல குரல்வளம் கொண்டவர். சென்ட்ரலின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பாட விரும்பினார். பிறந்த மீட்பரைப் புகழ்ந்து மற்றவர்களோடு சேர்ந்து பாடத்தான் கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. அந்த டிசம்பர் மாதம் 17ஆம் நாள், உணவறையில் தம் வழியை மறித்துத் தொல்லை தந்த மாணவர்களின்மேல் அவருடைய தட்டிலிருந்த குழம்பு கவிழ்ந்தது. அவர் சில நாள்கள் விலக்கி வைக்கப்பட்டார். பிப்ரவரியில் முற்றாக வெளியேற்றப்பட்டார். 'ஒன்று ஒழிந்தது, எட்டு மீதம்' என்னும் கருத்தில் அச்சிட்ட அட்டைகள் பள்ளிக்குள் கைமாறின.

அதே 1957ஆம் ஆண்டில்தான் டைகர்ஸ் அணி ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணாமல் 12 ஆட்டங்களிலும் வென்றது. பயிற்சியாளர் வில்சன் மாத்யூஸ் புகழின் உச்சியில் இருந்தார். நாட்டின் தலைசிறந்த பள்ளி அணிகளுள் ஒன்றாக அது போற்றப்பட்டது. உள்ளே சிலர் உதை வாங்கிக்கொண்டிருக்க, வெளியே அரங்கம் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வெற்றிகளில் மகிழ ஒன்பது பேருக்கும் உரிமை உண்டா? ஏட்டின்படி அவர்களும் சென்ட்ரலின் மாணவர்களே. அரங்கில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

1958 மே 27 அன்று எர்னஸ்ட் கிரீன் பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்றார். அறுநூறுக்கும் மேற்பட்டோர் பட்டம் பெற்ற அவ்விழாவில் ஒவ்வொரு பெயருக்கும் கையொலி எழுந்தது. எர்னஸ்டின் பெயர் அழைக்கப்பட்டபோது அரங்கம் மௌனித்தது. அவருடைய குடும்பத்தாரோடு, பலரும் அறியாவண்ணம், இளம் மறைப்பணியாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் மார்ட்டின் லூதர் கிங்.

இனி நாம் தொடங்கிய இடத்திற்கு வருவோம். 1958 செப்டம்பர் 12ஆம் நாள், இணைந்த கல்வியைத் தள்ளிப்போட இயலாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. அன்றே ஆளுநர் ஃபாபஸ் பள்ளிகளை மூட ஆணையிட்டார். சென்ட்ரல், ஹால், தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி, கறுப்பின மாணவர் பயின்ற ஹொரேஸ் மான் ஆகிய நான்கின் கதவுகளும் அடைக்கப்பட்டன. செப்டம்பர் 27இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. எல்லாப் பள்ளிகளிலும் இனங்கள் இணைந்து பயில்வதை எதிர்த்து 19,470 வாக்குகளும், ஆதரித்து 7,561 வாக்குகளும் விழுந்தன. கறுப்பினக் குழந்தைகள் நுழைவதைவிடத் தங்கள் குழந்தைகளும் நுழையாதிருப்பதே மேல் என்று ஒரு நகரம் வாக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தது.

பள்ளி இழந்த பிள்ளைகள் 3,665 பேர். வெள்ளைப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஏதோவொரு வழி கண்டனர். சிலர் அயலூர்களில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தனர். சிலர் அவசரமாகத் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளில் சேர்ந்தனர். சிலர் படையில் சேர்ந்தனர். சிலர் மணம் முடித்தனர். கறுப்பினப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்தப் பள்ளியும் கிட்டவில்லை. தொலைக்காட்சியில் பாடம் நடத்தும் முயற்சி சில காலம் நடந்து நின்றுபோயிற்று. ஒப்பந்தத்தில் கட்டுண்ட 177 ஆசிரியர்கள் மட்டும் காலையில் வந்து மாலையில் திரும்பினர். கரும்பலகைகள் தூய்மையாக இருந்தன.

கால்பந்தின் செய்தி இங்கேதான் வருகின்றது. பள்ளிகள் மூடப்பட்டதும் ஆட்டங்களும் நிறுத்தப்படும் என்று பள்ளி நிர்வாகம் அறிவித்தது. அதனை நிறுத்துவது பிள்ளைகளுக்குத் தேவையற்ற கொடுமை என்று கருதிய ஆளுநர் ஆட்டத்தைத் தொடரச் செய்தார். கல்வியை நிறுத்துவது கொடுமையாக அவருக்குத் தோன்றவில்லை. சென்ட்ரல், ஹால், ஹொரேஸ் மான் ஆகிய மூன்று பள்ளிகளின் அணிகளும் அந்தப் பருவத்தில் ஆடின. காலையில் செல்ல வகுப்பில்லாத இளைஞர்கள் பயிற்சிக்கு வந்து, பள்ளியின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து மோதினர். நாட்கள் செல்லச் செல்ல, வேறு ஊர்ப் பள்ளிகளைத் தேடி வீரர்கள் ஒவ்வொருவராய்ப் பிரிந்தனர்.

அந்த இளைஞர்களை ஏளனம் செய்வது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. தம் கையை மீறி, பெரியவர்கள் தம்மிடமிருந்து பறித்துக்கொண்ட பள்ளியின் எஞ்சிய ஒரே துண்டை அவர்கள் இறுகப் பற்றிக்கொண்டனர் என்றே கருதுகின்றோம். குற்றம் பிறிதோரிடத்தில் உள்ளது. ஆரவாரம் தொடர்ந்தால் பள்ளியும் தொடர்வதாக மக்கள் எண்ணிக்கொள்வர் என்பதை அறிந்திருந்த அரசியலில் உள்ளது. வெற்றுக் கல்லறைக்கு வெள்ளையடிப்பது நற்செய்தியில் நாம் காணாத காட்சியன்றே!

ஒன்பதின்மர் அப்போது என்ன செய்தனர்? மினிஜீன் நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தார். டெரன்ஸும் மெல்பாவும் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். குளோரியா கன்சாஸ் சிட்டியில் படிப்பை முடித்தார். தெல்மா கடிதவழிப் பாடங்களாலும் கோடைக்கால வகுப்புகளாலும் தேறினார்; அவருடைய சான்றிதழ் தபாலில் வந்தது. கார்லோட்டாவும் ஜெஃபர்சனும் ஊரிலேயே தங்கிக் கடிதவழிப் பாடங்களைப் பயின்று காத்திருந்தனர். எந்தப் பள்ளிக்காகக் காத்திருந்தனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பள்ளிகளைத் திறக்க முதலில் அமைப்பாக எழுந்தவர்கள் பெண்கள். 1958 செப்டம்பர் 16ஆம் நாள், எழுபது வயதைக் கடந்த அடோல்ஃபின் ஃப்ளெட்சர் டெர்ரி அம்மையார், விவியன் புரூவர், வெல்மா பவல் ஆகியோரின் முயற்சியால், பள்ளிகளைத் திறப்பதற்கான மகளிர் அவசரக் குழு தோன்றியது. வெள்ளைப் பெண்களின் குழு அது. இன இணைப்பை ஆதரிக்கும் குழுவாகத் தன்னை அறிவித்துக்கொள்ளாமல், பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்பதையே முன்வைத்தது. துணிவிலும் ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள் என்று இன்று குறை கூறலாம். ஆயினும், ஆண்கள் வாய்மூடியிருந்த நகரில் வீடு வீடாகச் சென்று வாக்காளரை எண்ணிக் கணக்கெடுத்தவர்கள் அவர்களே.

திருப்பம் 1959 மே மாதம் வந்தது. பள்ளிக் குழுவிலிருந்த இனப் பிரிவினைவாதிகள் மூவர், மே 5ஆம் நாள், ஆசிரியரும் பணியாளருமாக 44 பேரை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானித்தனர். அப்பட்டியலில் சென்ட்ரலின் தலைமையாசிரியர் ஜெஸ் மாத்யூஸும், மாணவியரைக் கண்காணித்த துணைத் தலைமையாசிரியை எலிசபெத் ஹக்கபியும் இருந்தனர். தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களைக் குப்பையைப்போல் கூட்டித் தள்ளுவதைக் கண்டு நகரம் விழித்துக்கொண்டது. மே 25இல் நடந்த வாக்கெடுப்பில் அம்மூவரும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் பதவி இழந்தனர். எட்டு மாதங்களுக்கு முன் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதிராக வாக்களித்த அதே நகரம்! நீதியின்மேல் எழாத பற்று, ஆசிரியர்மேல் எழுந்தது. அந்த வழியாகவேனும் கதவு திறந்தது. ஜூன் 18ஆம் நாள், பள்ளிகளை மூடிய சட்டங்கள் செல்லாதவை என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கமாகச் செப்டம்பரில் திறக்கும் பள்ளிகளை, மாநில அரசு மீண்டும் குறுக்கிடும் முன்னரே, ஆகஸ்டு 12ஆம் நாள் திறந்தனர். அன்று மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் கூடிய பிரிவினைவாதிகளுள் இருநூறுக்கும் மேற்பட்டோர் சென்ட்ரலை நோக்கி அணிவகுத்தனர். இம்முறை காவல்துறைத் தலைவர் ஜீன் ஸ்மித் அவர்களைத் தெருவிலேயே மறித்தார். தீயணைப்பு வீரர்கள் குழாய் நீரைப் பீய்ச்சினர். 21 பேர் கைதாயினர். படை தேவைப்படவில்லை. ஈராண்டு முன்னர் செய்திருக்கக்கூடியதே இது.

அந்நாளில் சென்ட்ரலுக்கு நடந்து வந்தவர்கள் ஜெஃபர்சன் தாமஸும் எலிசபெத் எக்ஃபோர்டும். எலிசபெத்துக்குத் தேவையான பாடத் தகுதிகள் வேறு வழிகளில் நிறைவுற்றிருந்தமையால் அவர் அங்கே தொடரவில்லை. ஆயினும், முன்பு துப்பாக்கியால் மறிக்கப்பட்ட அதே தெருவில் அவர் இன்னொரு முறை நடந்தார். கார்லோட்டாவும் விரைவில் வந்து சேர்ந்தார். ஒன்பதின்மருள் இறுதியாண்டு படிக்க மீண்டவர்கள் இவ்விருவர் மட்டுமே.

இவர்கள் ஏன் திரும்பி வந்தனர்? கார்லோட்டா வேறு நகரில் அமைதியாகப் படித்துத் தேறியிருக்கலாம். தாம் பட்டதற்கெல்லாம் பொருள் உண்டாக வேண்டுமானால் அந்தப் பள்ளியின் சான்றிதழே தம் கைக்கு வரவேண்டும் என்று அவர் கருதினார். இதனைப் பிடிவாதம் என்போரும் உண்டு. நாம் இதனைப் பள்ளிப் பற்று என்றே கொள்வோம். முழக்கமிடத் தடைவிதிக்கப்பட்டவர்கள், ஆட அனுமதி பெறாதவர்கள், பாடற்குழுவில் இடம் மறுக்கப்பட்டவர்கள், 'இது என் பள்ளி' என்று சொல்லத் தமக்கிருந்த ஒரே வழியில் சொன்னார்கள். காலையில் மணியடிக்கும்போது அங்கே இருந்தார்கள்.

அவர்களுடைய இறுதியாண்டும் எளிதாக இருக்கவில்லை. 1960 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு, கார்லோட்டாவின் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. தாயும் தங்கைகளும் அவரும் உள்ளே இருந்தனர். நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. மறுநாள் காலை கார்லோட்டா பள்ளிக்குச் சென்றார். அக்குற்றத்திற்காக அவருடைய அக்கம்பக்கத்து நண்பரான ஒரு கறுப்பின இளைஞருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்பதே கார்லோட்டாவின் உறுதியான கருத்து. 2009இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் அவர் இதனை எழுதியுள்ளார்.

கத்தோலிக்கராகிய நாம் இவ்விடத்தில் நம் வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் நம் திருச்சபையின் பள்ளிகளும் நெடுங்காலம் நிறத்தின்படி பிரிந்தே நடந்தன. லிட்டில் ராக் மறைமாவட்டத்தின் ஆயர் ஆல்பர்ட் ஃப்ளெட்சர், இனப் பிரிவினையும் இனப் பாகுபாடும் ஒழுக்கநெறிக்கு உகந்தவையா என்பதைக் குறித்து, 1960ஆம் ஆண்டில், மறைக்கல்வி நூலைப்போல் வினா விடை வடிவில் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். சிறுவர்க்கு மறையறிவு புகட்டும் அதே எளிய முறையைப் பெரியவர்களுக்கும் அவர் கையாண்டது நம் சிந்தனைக்குரியது. அவர்கள்தாம் மறந்திருந்தார்கள்!

1960ஆம் ஆண்டு கார்லோட்டா வால்ஸும் ஜெஃபர்சன் தாமஸும் சென்ட்ரலின் சான்றிதழைப் பெற்றனர். அப்பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் கார்லோட்டா. ஓடப் பிறந்த ஜெஃபர்சன், தம் பள்ளியின் பெயரில் ஒரு பந்தயத்திலும் ஓடாமலே வெளியேறினார். பின்னாளில் வியட்நாம் போரில் பணியாற்றிய அவர், 2010 செப்டம்பரில் காலமானார்.

பள்ளி இன்றும் பள்ளியாகவே நடக்கின்றது. 1997 செப்டம்பர் 25ஆம் நாள், நாற்பதாம் ஆண்டு நினைவில், குடியரசுத் தலைவர் கிளிண்டன் முகப்புக் கதவைப் பிடித்துத் திறந்து நிற்க, ஒன்பது பேரும் உள்ளே சென்றனர். அடுத்த ஆண்டில் அது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. டைகர்ஸ் அணி பொன்னும் கறுப்புமாக இன்றும் களமிறங்குகின்றது. இப்போது அதில் எல்லா நிறப் பிள்ளைகளும் ஆடுகின்றனர்.

எலிசபெத் அமர்ந்த அந்தப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு என்றோ மறைந்துபோயிற்று. சென்ட்ரல் மாணவர்களுள், பள்ளியின் கடந்தகாலத்தைத் திரட்டிப் பாதுகாக்கும் குழுவொன்று உண்டு. அப்பிள்ளைகள் பிறரோடு சேர்ந்து பழைய புகைப்படங்களை ஒப்புநோக்கி அதேபோன்ற பெஞ்சு ஒன்றை உருவாக்கினர். 2018 செப்டம்பர் 4ஆம் நாள், சரியாக 61 ஆண்டுகளுக்குப் பின், பார்க் தெருவும் 16ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் அது நிறுவப்பட்டது. பள்ளி விட்டு வரும் மாணவர்கள் அதனைக் கடந்துதான் நடக்கின்றனர்.